கத்தியின் சரித்திரம் – 23: செத்த எலும்பும் வெற்றுக் குழியும்

சென்ற பகுதியில் ஜோசப் லிஸ்டரின் கார்பாலிக் அமிலத்தைப் பார்த்தோம். 1867-ல் அவர் வெளியிட்ட கட்டுரையோடு எலும்பு அறுவை சிகிச்சைக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. தோல் கிழிந்து வெளியே தெரிந்த புது முறிவுக்குள் கிருமி புகாமல் தடுக்க லிஸ்டரின் முறை உதவியது. ஏற்கெனவே கிருமி உள்ளே குடியேறி, வருடக்கணக்கில் சீழ் வடித்துக்கொண்டிருந்த எலும்பை அது அசைக்கவே இல்லை. அந்த நாட்பட்ட நோயின் சரித்திரம் தனி. அதிலும் தொடையெலும்பில் வந்தால் எந்த நாட்டு வைத்தியரும் தயங்கி நின்ற நோய் அது.

நோய் எப்படித் தொடங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு, பத்து வயதுப் பிள்ளை. எங்காவது விழுந்திருக்கும், அல்லது உடம்பில் ஒரு கொப்புளம் வந்து ஆறியிருக்கும். இரண்டு நாளில் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும்; முழங்காலுக்குச் சற்று மேலே தொட்டால் அலறும். தொடையெலும்பின் வளர்ச்சியில் பெரும்பங்கு அதன் கீழ்முனையில்தான் நடக்கிறது. வளரும் அந்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளைந்து திரும்புவதால் ரத்தம் மெதுவாக ஓடுகிறது. தோலிலிருந்தோ தொண்டையிலிருந்தோ ரத்தத்தில் கலந்த ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி அங்கே தங்கிப் பெருகுகிறது. சதைக்குள் சீழ் கட்டினால் சதை வீங்கி இடம் கொடுக்கும். எலும்பு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. சீழ் எலும்பைத் துளைத்து வெளியே கசிந்து, மேலே போர்த்தியிருக்கும் சவ்வை உரித்துத் தள்ளுகிறது. அந்தச் சவ்வின் வழியாக வந்த ரத்தமும் நின்றுபோகிறது. இரு பக்கமும் ரத்தமற்றுப் போன எலும்பு இருந்த இடத்திலேயே சாகிறது.

பிள்ளை பிழைத்துவிட்டால் நோயின் இரண்டாம் கட்டம் வருகிறது. உரிந்த சவ்வு சும்மா இருப்பதில்லை. புது எலும்பைக் கட்டத் தொடங்குகிறது. செத்த எலும்பைச் சுற்றி உயிருள்ள எலும்பு உறையாக வளர்கிறது. உள்ளே கிடக்கும் செத்த துண்டை மருத்துவர்கள் சீக்வெஸ்ட்ரம் என்கிறார்கள். சுற்றி வளர்ந்த உறை இன்வோலுக்ரம். உறையில் அங்கங்கே ஓட்டைகள் விழுகின்றன. அந்த ஓட்டைகளிலிருந்து சதையைத் துளைத்துத் தோல்வரை புரை ஓடுகிறது. புரை அடைத்துக்கொண்டால் காய்ச்சலும் வலியும். திறந்துகொண்டால் சீழும் நாற்றமும். இப்படியே 30, 40 வருடம் தொடையில் துணி சுற்றிக்கொண்டு வாழ்ந்து மடிந்தவர்கள் எல்லாத் தேசத்திலும் இருந்தார்கள்.

1793-ல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் பீட்டர் வைட்மன் எலும்பு சாவதைப் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதினார். ‘ஆஸ்டியோமயலைடிஸ்’ என்ற பெயர் 1844-ல் பாரிஸின் ஆகுஸ்த் நெலாத்தோன் வைத்தது. இதே நெலாத்தோன்தான் 1862-ல் இத்தாலிய வீரர் கரிபால்டியின் கணுக்காலில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் எல்லாம் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, நுனியில் மெருகிடாத பீங்கான் உருண்டை வைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னவர். பீங்கானில் ஈயக் கறை படிந்து வந்தது. குண்டு உள்ளேதான் இருந்தது. எக்ஸ்ரே வருவதற்கு 33 வருடம் முன்பு நடந்த கதை இது.

கத்தி எடுத்தவர்களில் முன்னோடியாக நான் மதிப்பது அமெரிக்காவின் நேதன் ஸ்மித்தை. 1797-ல் டார்ட்மவுத் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர். அவர் காலத்து வழக்கம், காலை வெட்டுவது, அல்லது செத்த எலும்பு தானாகக் கழன்று வெளியே வரும்வரை வருடக்கணக்கில் காத்திருப்பது. ஸ்மித் இரண்டையும் மறுத்தார். நோய் தொடங்கிய சில நாட்களிலேயே சதையைக் கீறி, எலும்பைத் துளைத்து, சீழை வெளியே விட்டால் எலும்பு சாகாது என்றார். ஏற்கெனவே செத்துவிட்டால் உறையைத் திறந்து துண்டை எடுத்துவிடலாம் என்றார். 1827-ல் இதை எழுதி அச்சிட்டார். கிருமி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலம். அழுத்தம்தான் எலும்பைக் கொல்கிறது என்பதைக் கையாலும் கண்ணாலும் மட்டுமே அவர் கண்டுபிடித்திருந்தார்.

அவரிடம் 1813 வாக்கில் ஒரு சிறுவன் வந்தான். ஏழு வயது. டைபாய்டு காய்ச்சலுக்குப் பின் காலெலும்பில் சீழ். மற்ற வைத்தியர்கள் காலை எடுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லாத நாள். பிராந்தி கொடுத்துக் கட்டிலோடு கட்டிப்போடுவதுதான் முறை. பையன் இரண்டையும் வேண்டாம் என்றான். அப்பா பிடித்துக்கொள்ளட்டும், அம்மா வெளியே போய்விடட்டும் என்று சொன்னதாக அம்மாவே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். ஸ்மித் எலும்பைத் துளைத்துத் துண்டு துண்டாக எடுத்தார். கால் தப்பியது. அந்தப் பையன்தான் வளர்ந்து மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித். மருத்துவரும் சிறுவனும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள், உறவினர்கள் இல்லை.

ஆனால் அது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. விரலால் தடவினாலே தெரியும். தொடையெலும்பு அப்படி இல்லை. உடலிலேயே நீளமான, வலுவான எலும்பு. மனிதரின் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அதைச் சுற்றிலும் உடலின் மிகப் பருமனான தசைகள். உட்பக்கம் தொடைத் தமனி. அதே தமனி கீழே முழங்காலுக்குப் பின்னால் எலும்பை ஒட்டியே இறங்குகிறது. தொடையின் ஆழத் தமனியிலிருந்து பிரியும் கிளைகள் எலும்பைச் சுற்றி வளைந்து வருவதால், கத்தி எங்கே நழுவினாலும் ரத்தம் கொட்டும். 1873-ல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் எஸ்மார்க் ரப்பர் பட்டையால் ரத்தத்தை நிறுத்திவைத்து அறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கைக்கும் காலுக்கும் பெரிய வரப்பிரசாதம். தொடையின் மேற்பகுதியில் நோய் இருந்தால் பட்டை கட்ட இடமே இல்லை!

இன்னொரு சிக்கல் நேரம் பற்றியது. சுற்றிலும் புது எலும்பு உறை திடமாக வளர்வதற்கு முன் செத்த எலும்பை எடுத்துவிட்டால், உடம்பின் பாரத்தைத் தாங்கத் தொடைக்குள் ஒன்றும் மிஞ்சாது. கால் துவண்டு குட்டையாகிப்போகும். அதிகம் காத்திருந்தால் பிள்ளை சீழ் வடிந்தே உருக்குலையும். எப்போது எடுப்பது என்ற இந்த வழக்கு நூறு வருடம் நடந்தது. எக்ஸ்ரே வந்த பிறகுதான் உறையின் தடிமனைப் பார்த்து முடிவெடுக்க முடிந்தது.

1880-ல் லூயி பாஸ்டர் கொப்புளத்துச் சீழிலும், பாரிஸ் மருத்துவமனையில் லானெலோங் அறுத்த ஒரு சிறுமியின் எலும்புச் சீழிலும் ஒரே கிருமியைக் கண்டார். மஜ்ஜைக்குள் வந்த கொப்புளம்தான் இந்த நோய் என்று அறிவித்தார். ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற பெயரை அந்தக் கிருமிக்குச் சூட்டியவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. மயக்க மருந்து, கிருமிநாசினி, ரப்பர் பட்டை எல்லாம் கையில் இருந்தன. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எலும்பைத் திறந்து, செத்த துண்டுகளை வாரி எடுத்து, உள்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை முளைத்தது.

குழி. செத்த எலும்பை எடுத்த இடத்தில் ஒரு வெற்றுக் குழி மிஞ்சுகிறது. சதைக்குள் ஓர் இடம் காலியானால் பக்கத்துச் சதை சரிந்து மூடிவிடும். எலும்புச் சுவர் சரியாது. குழியில் ரத்தமும் நிணநீரும் தேங்கும். மிச்சமிருக்கும் கிருமிக்கு அது விருந்து. மறுபடி சீழ், மறுபடி புரை. அடுத்த நூற்றிருபது வருடத்து எலும்புச் சீழ் அறுவையின் கதை, இந்தக் குழியை எதைப் போட்டு நிரப்புவது என்ற ஒரே கேள்வியின் கதை என்பேன். பாடப்புத்தகங்கள் ஆன்டிபயாட்டிக்கைக் கதாநாயகனாக்குகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதில்கள் விதவிதமாக வந்தன. 1886-ல் மாக்ஸ் ஷேட, நோயாளியின் சொந்த ரத்தத்தையே குழியில் நிரம்பி உறையவிட்டார். அந்தக் கட்டி மெல்ல எலும்பாக மாறும் என்பது நம்பிக்கை. கிருமி ஒன்றிரண்டு தப்பியிருந்தாலும் கட்டி முழுக்க அழுகியது. 1889-ல் சிகாகோவின் நிக்கலஸ் சென் மாட்டெலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, கிருமிநாசினியில் நனைத்து, சில்லு சில்லாகக் குழியில் அடுக்கினார். 1892-ல் ட்ரீஸ்மன் என்ற ஜெர்மானியர், பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைப்பதைப் பார்த்து, எலும்பையும் அப்படி அடைக்கலாம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை கார்பாலிக் நீரில் குழைத்துப் பூசினார். எட்டுப் பேருக்குச் செய்ததில் ஆறு பேருக்கு ஆறியது. அந்த நாளைக்கு இது கெட்ட கணக்கில்லை. ஆனாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ட்ரீஸ்மனை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

இவர்களில் அதிகம் பேர் பின்பற்றியது வியன்னாவின் ஆல்பர்ட் ஃபொன் மோசெடிக்-மோர்ஹோஃபை. 1903-ல் அவர் வெளியிட்ட கலவை இது: அயோடோஃபார்ம் 60 பங்கு, ஸ்பெர்மசெட்டி என்னும் திமிங்கல மெழுகு 40 பங்கு, நல்லெண்ணெய் 40 பங்கு. ஆம், எள்ளில் ஆட்டிய அதே எண்ணெய்தான். இந்தக் கலவையை உருக்கி, சுரண்டிச் சுத்தமாக்கிய குழியை வெப்பக் காற்றால் உலர்த்தி, சொட்டு ரத்தமும் இல்லாதபடி பார்த்து, உள்ளே ஊற்றினார்கள். ஆறினால் இறுகிவிடும். அயோடின் இருப்பதால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த நிழல் சுருங்கி, அந்த இடத்தில் எலும்பு வளர்வதைப் படம் பிடிக்க முடிந்தது. குழிக்குள்ளேயே மருந்தை வைத்து அது மெல்லக் கசிந்து கிருமியைக் கொல்லட்டும் என்ற கருத்தின் முதல் வெற்றி என்று இதைச் சொல்லலாம். குறை, அயோடோஃபார்ம் உடம்பில் அதிகம் ஏறினால் புத்தி பேதலிக்கும், சிலர் இறந்தும் போவார்கள். பெரிய குழிக்குப் பெரிய அளவு தேவை. தொடையெலும்பின் குழி எப்போதும் பெரியது.

முதல் உலகப் போர் கணக்கையே மாற்றியது. போரின் தொடக்கத்தில் தொடையெலும்பு சிதறிய சிப்பாய்களில் ஐந்தில் நான்கு பேர் இறந்தார்கள். லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த இரும்பு வளையக் கட்டையை அவருடைய மனைவியின் சகோதரர் மகன் ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுவந்தார். காலை அசையாமல் இழுத்துக் கட்டி அனுப்பியதிலேயே 1917-ல் சாவு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பிழைத்த இத்தனை பேரும் ஊர் திரும்பியபோது தொடையில் சேறும் துணியும் குண்டுச் சில்லும் புகுந்த எலும்பு. முன்பு செத்துப்போயிருக்க வேண்டியவர்கள், இப்போது புரையோடிய தொடையோடு மருத்துவமனைகளை நிரப்பினார்கள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த வின்னெட் ஓர் பிரான்சில் ராணுவ மருத்துவராக இருந்தார். காயம்பட்டவர்களை மாவுக்கட்டில் வைத்துக் கப்பலேற்றி அனுப்பும்போது வழியில் கட்டுப் பிரிக்க யாருமில்லை. வாரக்கணக்கில் கழித்துப் பிரித்தால், தினமும் கழுவித் துடைத்த காயங்களைவிட அவை நன்றாக இருந்தன. ஓர் இதையே முறையாக்கினார். எலும்பைத் திறந்து செத்ததை எடு. தொட்டி போலத் தட்டையாக்கு. வாசலின் தோய்த்த காஸ் துணியை நிறைய அடை. இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போடு. பல வாரம் தொடாதே. குழியை எதையும் வைத்து மூடாமல், அடியிலிருந்து சதை தானாக வளர்ந்து நிரப்பட்டும் என்று விட்டார். ஆறியது. ஆனால் சீழ் மாவுக்கட்டில் ஊறி வார்டு முழுக்க நாறியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சலோனாவின் யோசெப் த்ருவேட்டா இதே வழியைப் புதுக் காயங்களுக்குப் பயன்படுத்தி, கெட்ட சதையை முதலிலேயே வெட்டியெறிந்து, 1,073 பேரில் 6 பேரை மட்டுமே இழந்தார். நாற்றத்தை யாரும் மறுக்கவில்லை. நாறினாலும் நோயாளி உயிரோடு இருந்தார்.

பால்டிமோரின் வில்லியம் பேயர் கதை இதைவிட விசித்திரம். 1917-ல் பிரான்சுப் போர்க்களத்தில் புதர் மறைவில் விழுந்து கிடந்த இரண்டு சிப்பாய்களை ஏழு நாள் கழித்துத் தூக்கி வந்தார்கள். இருவருக்கும் தொடையெலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. அடிவயிற்றிலும் பெரிய காயம். ஏழு நாளும் சோறில்லை, தண்ணீரில்லை. செத்திருக்க வேண்டும். காய்ச்சல்கூட இல்லை. உடையைக் களைந்தபோது காயம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஈப்புழுக்கள் நெளிந்தன. அருவருப்போடு கழுவித் தள்ளினார்கள். அடியில் பேயர் கண்டது சீழும் அழுகலும் இல்லாத, இளஞ்சிவப்பான புதுச் சதை. எலும்புக்கு மேலேயும் அது படர்ந்திருந்தது. இருவரும் பிழைத்தார்கள். நெப்போலியனின் மருத்துவர் லாரே நூறு வருடம் முன்பே படையெடுப்புகளில் இதைக் கவனித்து எழுதியிருந்தார். அதிலிருந்து சிகிச்சை எதுவும் பிறக்கவில்லை.

பேயரும் உடனே எதுவும் செய்துவிடவில்லை. போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 1928-ல்தான் துணிந்தார். பால்டிமோர் குழந்தைகள் மருத்துவமனையில், பல அறுவைகள் செய்தும் ஆறாத எலும்புச் சீழ் கொண்ட நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். செத்த எலும்பைக் கத்தியால் எடுத்தார். ரத்தக்கசிவு நிற்கக் காத்திருந்தார். பிறகு குழி நிறையப் புழுக்களை விட்டு, அவை ஓடிவிடாதபடி வலைக் கூண்டு பொருத்தினார். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுப் புழுக்கள். ஆறே வாரத்தில் நால்வருக்கும் ஆறியது. புழு எலும்பைத் தின்னாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அழுகிய சதையைத் தன் எச்சிலால் கரைத்து உறிஞ்சுவதுதான் அதன் வேலை. செத்த எலும்பை எடுப்பது கடைசிவரை கத்தியின் பொறுப்பாகவே இருந்தது.

அடுத்து வந்த சில நோயாளிகளுக்குப் புழுவோடு டெட்டனஸும் வாயு அழுகல் நோயும் வந்து சேர்ந்தன. தெருவில் பிடித்த ஈ என்னென்ன சுமந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? பேயர் முட்டைகளைக் கிருமிநாசினியில் கழுவி, சுத்தமான கூண்டில் ஈ வளர்க்கத் தொடங்கினார். 1931-ல் அவர் இறந்த வருடமே அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் புழு சிகிச்சை நடந்தது. லெடர்லே என்ற மருந்து நிறுவனம் புழுக்களைப் புட்டியில் அடைத்தே விற்றது. பத்து வருடம்தான். பெனிசிலின் வந்ததும் புழுக்களைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

1941-ல் ஆக்ஸ்ஃபர்டில் பெனிசிலின் பெற்ற முதல் சிலரில் ஒரு 15 வயதுப் பையன் இருந்தான். இடுப்பருகே தொடையெலும்பில் ஆணி வைத்த அறுவைக்குப் பின் கிருமி பரவியிருந்தது. பிழைத்தான். ஆன்டிபயாட்டிக்குக்கு முன் திடீரெனத் தாக்கும் எலும்புச் சீழ் நான்கைந்து பிள்ளைகளில் ஒன்றைக் கொன்றது. பெனிசிலினுக்குப் பின் சாவு அரிதானது. அந்தப் புகழ் அதற்கு உரியது, முழுக்க உரியது. ஆனால் நாட்பட்ட நோயில் அது தோற்றது. காரணம் எளிது: மருந்து ரத்தத்தில் பயணிக்கிறது, செத்த எலும்புக்கு ரத்தம் போவதில்லை. கிருமியும் கெட்டிக்காரக் கிருமி. செத்த எலும்பின் மேலும் இரும்பின் மேலும் பிசுபிசுப்பான படலம் போர்த்திக்கொண்டு உள்ளே உறங்குகிறது. எலும்பு அணுக்களை இணைக்கும் நுண்கால்வாய்கள் ஒரு மைக்ரானைவிடக் குறுகலானவை. உருண்டைக் கிருமி தன் உடலை நெளித்து அவற்றுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது என்பதை நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் ஆய்வாளர்கள் 2017-ல் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். இருபது வருடம் அமைதியாக இருந்த தொடை திடீரென்று ஏன் சீழ் வைக்கிறது என்ற பழைய புதிருக்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

நோயின் முகமும் மாறிவிட்டது. 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் க்யூன்ட்ஷர் தொடையெலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட எஃகுக் கம்பியை ஏற்றி முறிவைச் சேர்த்தார். இன்று பைக் விபத்தில் தொடை முறிந்து வருகிறவருக்கு நம்மூர் மருத்துவமனைகளில் செய்வது அதன் பேரப்பிள்ளைதான். பல மாதம் படுக்கையில் கிடக்க வேண்டியவர் சில நாளில் ஊன்றி நடக்கிறார். ஆனால் சேறு புகுந்த முறிவில் கிருமி பிடித்துவிட்டால், கம்பியின் நீளத்துக்கு மஜ்ஜைக் குழாய் முழுவதும் சீழ். பழைய காலத்துக் காய்ச்சல் பிள்ளையின் இடத்தில் இன்று கம்பியும் தகடும் வைத்த நடுவயதுக்காரர் வந்து படுத்திருக்கிறார்.

குழி மட்டும் மாறவில்லை. ஹாம்பர்கின் ஹான்ஸ் வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ் செயற்கை மூட்டுகளை ஒட்டும் எலும்பு சிமென்டில் ஜென்டாமைசினைக் கலந்து 1970-ல் அறிவித்தார். சிமென்ட் இறுகும்போது எழும் சூட்டில் கெடாத மருந்து என்பதால் ஜென்டாமைசின். ஃப்ராங்க்ஃபர்ட்டின் க்ளௌஸ் க்ளெம் அதே சிமென்டை 7 மில்லிமீட்டர் மணிகளாக உருட்டி, கம்பியில் கோத்துக் குழியை நிரப்பினார். மோசெடிக் அயோடோஃபார்மில் கண்ட கனவு, நஞ்சு நீங்கித் திரும்பி வந்தது. ரத்தத்தில் ஏற்ற முடியாத செறிவில் மருந்து குழிக்குள் கசியும். உடம்பில் மிகக் குறைவாகவே கலக்கும். வேலை முடிந்ததும் மணிமாலையை உருவி எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தொந்தரவு.

எலும்பே துண்டாக இல்லாமல் போனவர்களுக்கு சைபீரிய ஓரத்துக் குர்கான் நகரத்திலிருந்து வழி வந்தது. கவ்ரீல் இலிசாரோவின் வளையங்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும். கெட்ட எலும்பை முழுவதும் வெட்டியெறிந்து, மிச்சமுள்ள நல்ல எலும்பை வேறோர் இடத்தில் மெல்ல உடைத்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்திக் கொண்டுபோய்க் குழியை எலும்பாலேயே மூடுவது அவர் முறை. முழங்காலுக்குக் கீழே அற்புதமாக வேலை செய்தது. தொடையில் வளையம் பெருந்துன்பம்: பருத்த சதையைக் கம்பிகள் துளைத்து நிற்கும், உட்கார முடியாது, படுக்க முடியாது, முழங்கால் மடங்காமல் இறுகும். அதனால் தொடைக்கு வெளிப்பக்கம் மட்டும் ஒற்றைத் தண்டவாளம் போல நிற்கும் கருவிகளே பெரிதும் நிலைத்தன.

பிரான்சின் அலேன் மஸ்கெலே 1986-ல் கண்டது பாதி தற்செயல். எலும்பை எடுத்த இடத்தைக் காப்பதற்காகச் சிமென்ட் கட்டி ஒன்றை வைத்தார். சில வாரம் கழித்துப் பிரித்தால் அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்த்திருந்தது; ரத்தக்குழாய் நிறைந்த, எலும்பு வளரத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும் சவ்வு. சிமென்டை எடுத்துவிட்டு அந்தப் பையில் நோயாளியின் இடுப்பெலும்புத் துருவலை நிரப்பித் தைத்தார். 2000-ல் அவர் குழு வெளியிட்ட 35 பேரில் இழந்த எலும்பின் நீளம் 4 முதல் 25 சென்டிமீட்டர் வரை.

எவ்வளவு வெட்டுவது? இன்றும் எந்தக் கருவியும் இதைத் துல்லியமாகச் சொல்லாது. ஸ்கேன் ஓரளவு காட்டும். மேசையில் அறுவை மருத்துவர் பார்ப்பது ரத்தத்தைத்தான். செத்த எலும்பு வெளிறிய மஞ்சளாய், வறண்டு இருக்கும். உளியோ துரப்பணமோ உயிருள்ள எலும்பைத் தொட்டதும் மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள் பூக்கும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் நோய் மிஞ்சும். 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் சியர்னியும் ஜான் மேடரும் இந்த நோயை வகைப்படுத்தியபோது எலும்பை மட்டும் பார்க்கவில்லை, ஆளையும் பார்த்தார்கள். எலும்பில் நான்கு வகை, ஆளில் மூன்று. திடமானவர், சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ உள்ளவர், சிகிச்சையே நோயைவிடக் கொடுமையாகிவிடக்கூடியவர். மூன்றாமவரைத் தொடாமல் விடுவதும் முறையான முடிவு என்று ஒப்புக்கொண்ட நேர்மைக்காகவே இந்த வகைப்பாட்டை நான் மதிக்கிறேன்.

இப்போது ட்ரீஸ்மனுக்கு வருவோம். 2016-ல் ஆக்ஸ்ஃபர்டின் மார்ட்டின் மெக்நாலி குழு நாட்பட்ட எலும்புச் சீழ் கொண்ட 100 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. செத்த எலும்பை எடுத்து, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, குழியை ஒரு கலவையால் நிரப்பி, அதே அறுவையில் தசையும் தோலும் கொண்டு மூடிவிட்டார்கள். மணிமாலை இல்லை, இரண்டாவது அறுவை இல்லை. கலவை தானாகக் கரைந்துபோகும். 96 பேருக்கு நோய் திரும்பவில்லை. கலவையில் இருந்தது ஜென்டாமைசின், எலும்பின் தாதுப்பொருளான ஹைட்ராக்சி அபடைட், கால்சியம் சல்ஃபேட். இந்தக் கால்சியம் சல்ஃபேட்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நூற்றிருபத்து நான்கு வருடம் கழித்து ட்ரீஸ்மனின் சாந்து அறுவை அரங்குக்குத் திரும்பி வந்துவிட்டது. அவர் கையில் இருந்த மருந்து கார்பாலிக் மட்டுமே. குறை சாந்தில் இல்லை.

ஆன்டிபயாட்டிக்கின் இடமும் தெளிவாகிவிட்டது. ஆறு வாரம் நரம்பூசி போட்டே தீர வேண்டும் என்ற நெடுநாள் வழக்கத்தை, பிரிட்டனில் 1,054 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு அசைத்துவிட்டது. ஊசி பெற்றவர்களில் 14.6 சதவீதமும் மாத்திரை பெற்றவர்களில் 13.2 சதவீதமும் தோல்வி. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். சரியான மாத்திரை போதும், அதற்குமுன் கத்தி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால்.

இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் பழைய விபத்துக்குப் பின் தொடையில் புரையோடி, அவ்வப்போது மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிவைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. புரையிலிருந்து சும்மா ஒழுகும் சீழில் எடுத்த சோதனை பல நேரம் உள்ளிருக்கும் கிருமியைக் காட்டாது. ஆழத்திலிருந்து எடுத்த எலும்புத் துணுக்கே காட்டும். பல வருடப் புரையில் புதிதாக வலி, ரத்தம், நாற்றம், சதை வளர்ச்சி என்று எது வந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டி சதைப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆறாத புண்ணில் புற்றுநோய் வரும் என்பது 19-ம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரிந்த உண்மை. சீக்கிரம் கண்டால் குணப்படுத்தக்கூடியது.

அடுத்த பகுதியில் ஜான் சார்ன்லியும், கிருமிக்குப் பயந்து அவர் அறுவை மேசையைச் சுற்றிக் கட்டிய காற்றுக் கூண்டும்.

(தொடரும்)